பதினாலு பீஸுக்கும் மஞ்சள்

சேக்காட்டு ஹேமநாதன் ஒரு சபதம் போட்டான். தை பிறப்பதற்குள் தன் பழைய ஃபியட் காரின் ப்ரேக் சாமான் அத்தனையும் தங்கமாய் மின்ன வேண்டும். வண்டி ஓடுமா என்று கேட்டுவிடாதீர்கள். நாலு சக்கரமும் கழன்று, செங்கல் மேல் உட்கார்ந்து எட்டு மாதமாகிறது. அவன்தான் ஓடினான். வாரத்தில் ஆறு நாள் கம்பெனிக்கு, ஏழாம் நாள் கார் கொட்டகைக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் காருக்கு அடியிலிருந்து அவனுடைய இரண்டு கால்கள் மட்டும் தெரியும். ஒன்றரை வயதுப் பாப்பா அந்தக் கால்களைக் காட்டித்தான் "ப்பா" சொல்லக் கற்றுக்கொண்டது. முழு ஆளாக எழுந்து வந்தால் வீரிட்டு அழுதது.

"என்னங்க, சிலிண்டர் தீந்து மூணு நாளாவுது."

"மாஸ்டர் சிலிண்டரா, வீல் சிலிண்டரா?"

"சோறாக்குற சிலிண்டர்!"

முதலில் அவனே சாமான்களைத் தேய்த்துக் கழுவி, தங்கக் கலர் ஸ்பிரே அடித்தான். பார்க்க அம்மன் கவசம் மாதிரி இருந்தது. ப்ரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டதுதான் தாமதம், தோல் தோலாய் உரிந்து வந்தது. பட்டறையில் கொடுத்து மஞ்சள் முலாம் ஏற்றினால்தான் நிற்கும் என்றார்கள். அவனுக்கு ஷிப்ட். அதனால் பதினாலு சாமானையும் ஒரு பையில் போட்டு மனைவி தாட்சாயிணியிடம் நீட்டினான்.

"அம்பத்தூர் எஸ்டேட்ல அய்யாசாமின்னு ஒருத்தர் முலாம் பட்டறை வெச்சிருக்கார். மஞ்சள் போடணும்னு சொல்லு, புரிஞ்சுக்குவார்."

"மஞ்சளா? இதுங்களுக்கா?"

"ஆமா, பதினாலு பீஸுக்கும்."

"ஒரே நேரத்துல பதினாலும் வயசுக்கு வந்துடுச்சா? பந்தல் போட்டு, மைக்செட் கட்டி, தாய்மாமனக் கூப்புடலையா?"

"வெளையாடாத தாட்சா."

"நான் யாரோட வெளையாட? பேசவே ஆளில்ல. ஞாயித்துக்கிழம ஒரு நாளு ஊட்டுக்குள்ள எங்களோட உக்காருங்கன்றேன். அவ்ளோதான்."

"இது முடியட்டும். அப்புறம் எல்லா ஞாயிறும் உனக்குத்தான்."

தாட்சாயிணி பாப்பாவை இடுப்பில் தூக்கி, பையைத் தோளில் மாட்டி, பஸ் ஏறிப் போனாள். சண்டை போடாமல் போகிறாளே என்று அவன் அப்போதே கொஞ்சம் பயந்திருக்கலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு சாமான் வீடு வந்தது. மாஸ்டர் சிலிண்டர். அதைத் தாம்பாளத்தில் வெள்ளைத் துணி விரித்து வைத்து, பீரோ மேல் ஏற்றினாள். மஞ்சளுக்குள் ரோஸும் பச்சையும் ஓடி மினுமினுத்தது. ஹேமநாதன் ஆசையாய்க் கை நீட்டினான்.

"தொடாதீங்க!"

"ஏன்?"

"இப்பதான் முக்கி எடுத்தாங்க. ஒரு முழு நாளு கை படக் கூடாதாம். மேல இன்னும் பாலாடையாட்டம் கீதாம். ரேகை பதிஞ்சா பதிஞ்சதுதானாம்."

அதில் பொய் இல்லை. அய்யாசாமி கைப்பட எழுதிய சீட்டே கூட வந்திருந்தது.

"மீதி பதிமூணு?"

"வரும், வரும்."

மறுநாள் ஞாயிறு. மாஸ்டர் சிலிண்டரைத் தொட முடியாது, மீதி பதிமூன்றும் சேராமல் எதையும் மாட்டவும் முடியாது; கொட்டகையில் செய்ய ஒரு வேலையும் இல்லை. வீட்டுக்குள் வந்து விருந்தாளி மாதிரி நின்றான். எங்கே உட்காருவதென்று தெரியவில்லை. தண்ணீர் குடிக்க டம்ளர் எங்கே இருக்கிறதென்றும் தெரியவில்லை. சமையல்கட்டில் தாட்சாயிணி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"நேத்தே சொன்னேன்ல, இன்னிக்குக் கீரைதான்னு. மூஞ்சத் தூக்காத."

எட்டிப் பார்த்தான். அடுப்பில் குக்கர். வேறு யாருமில்லை.

"யாராண்ட பேசற?"

"இவகிட்டதான். நான் ரெண்டு வார்த்த சொன்னா, இவ மூணு விசிலாவது அடிப்பா."

சிரித்து மழுப்பலாமென்று வாயைத் திறந்தான். சிரிப்பு வரவில்லை. கொட்டகையில் அவனும் எட்டு மாதமாக ஸ்பேனரோடுதான் பேசிக்கொண்டிருந்தான். நடுவில் ஒரே ஒரு சுவர்.

தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தான். காம்பையெல்லாம் பத்திரமாய் எடுத்து வைத்து, இலையைக் குப்பையில் போட்டான். பாப்பா தள்ளி நின்றே அவன் முகத்தைப் பார்த்தது. மத்தியானத்துக்குள் கிட்டே வந்து, ஒட்டவைத்த மூக்கோ என்று பிடித்து இழுத்துப் பார்த்தது.

சாப்பிட்டுவிட்டு அம்மாவும் பிள்ளையும் பாயில் படுத்தார்கள். ஹேமநாதனுக்குப் பழைய புத்தி திரும்பியது. இப்படி ஒவ்வொன்றாய் வந்தால் சபதம் என்னாவது? பூனை மாதிரி கொட்டகைக்குள் போய் அய்யாசாமிக்குப் போன் போட்டான்.

"அண்ணாத்தே, மீதி சாமானையும் நாளைக்கே முக்கிடு. ஒரு நாள்ல காஞ்சிடும். அடுத்த ஞாயிறு நான் மாட்டிடுவேன்."

"அதெப்டி நைனா? வாரத்துக்கு ஒண்ணுதான் முக்கணும், அதுவும் சனிக்கிழம சாயந்தரமாத்தான் முக்கணும்னு தங்கச்சி சொல்லிட்டுப் போச்சே! நீதான் அப்டி சொல்லி அனுப்ச்சியாம். பழைய காரு வெச்சிகினு கீறவங்களுக்கு இன்னா சாங்கியமோன்னு நானும் ஒத்துகினேன்."

ஹேமநாதன் போனை வைத்துவிட்டு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான். ஒரு கை முடிந்தது. அடுத்த கையும் முடிந்தது. மறுபடி முதல் கைக்கு வந்தபோது, சன்னலுக்கு அந்தப் பக்கம் பாயிலிருந்து குரல் வந்தது.

"பதிமூணு ஞாயிறுங்க. நான் எண்ணிட்டேன், நீங்க உள்ள வாங்க."