ஏரிப்பேடு பேரூராட்சியில் ஒரு வெளிநடப்பு

ஏஞ்சலின் அந்த இரண்டாவது இளநீரைக் குடித்திருக்கக் கூடாது.

கத்திரி வெயில் என்பதால் ஏரிப்பேடு பேரூராட்சிக் கூட்டத்தில் ஆளுக்கொரு இளநீர் கொடுக்கத் தலைவர் குணசுந்தரி ஏற்பாடு செய்திருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் எதிர்வரிசை மோகன்ராஜ் தன் காயைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

“முன் வரிசைக்குப் பெரிய காயி, எங்களுக்குப் பிஞ்சா? எளநிலயே சமநீதி இல்லன்னா ரோடு போடறதுல எங்க இருக்கப் போவுது?”

நீண்ட விவாதத்துக்குப் பிறகு எல்லோருக்கும் இன்னொரு இளநீர் என்று முடிவானது. ஏஞ்சலின் சுயேச்சை. குடிக்காவிட்டால் தலைவரை எதிர்க்கிறாள் என்பார்கள். பாதியில் வைத்தால் மோகன்ராஜை எதிர்க்கிறாள் என்பார்கள். கடைசிச் சொட்டுவரை குடித்தாள். தலைவரும் காமிராவைப் பார்த்தபடி இரண்டையும் காலி செய்தார்.

காமிரா அன்றுதான் வந்திருந்தது. எந்தக் கூட்டமும் கடைசித் தீர்மானம்வரை போனதில்லை. செலவைப் பற்றி யாராவது குடைந்து கேட்க ஆரம்பித்தால் தலைவர் மணியை அடித்துக் கூட்டத்தை முடித்துவிட்டு வேகமாக வெளியேறிவிடுவார். “எதையோ மறைக்கிறாங்க. வெளிப்படைத்தன்மை வேணும்” என்று மோகன்ராஜ் டீக்கடை டீக்கடையாகச் சொல்லிவந்தார். அதனால் இந்த முறை அலுவலகக் கணினி இயக்குநர் ஸ்டீபன், முக்காலி ஸ்டாண்டில் தன் செல்போனை மாட்டிக் கூட்டத்தை நேரலையாக விட்டுக்கொண்டிருந்தான்.

“இன்னிக்குக் கடைசித் தீர்மானம் முடியாம நான் எழுந்திருக்க மாட்டேன். ஊரே பாத்துக்கட்டும்” என்று தலைவர் அறிவித்திருந்தார்.

அந்தக் கடைசித் தீர்மானம் ஏஞ்சலினுடையது. கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை.

கவுன்சிலர் ஆவதற்கு முன் அவளும் அந்தக் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவள்தான். எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி வரும் லாரிகள் புழுதியை வாரி இறைக்கும். பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நிற்பார்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் தண்ணீர் குடித்திருக்க மாட்டார்கள். தாகத்தை ஒரு பூனைக்குட்டியைப்போல மடியில் வைத்துத் தடவித் தூங்கவைக்க அவர்கள் பழகியிருந்தார்கள். அவளோடு நின்ற பூமிகாவுக்கு அந்தச் சின்ன வயதிலேயே சிறுநீரகத்தில் கல் வந்தது. அவளுடைய ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில்தான் ஏஞ்சலின் தேர்தலில் நிற்பதென்று முடிவு செய்தாள்.

சபையில் ஒரு விதி இருந்தது. கொண்டுவந்தவர் இருக்கையில் இல்லாவிட்டால் தீர்மானம் அடுத்த மாதத்துக்குப் போய்விடும். அதனால் அசையக் கூடாது. அசைந்தாலும் போக இடமில்லை. அலுவலகத்தில் ‘பெண்கள்’ என்று எழுதிய கதவு ஒன்று உண்டு. அதற்குள் கொசுப்புகை அடிக்கும் இயந்திரமும் கெட்டுப்போன டியூப்லைட்டுகளும் குடியிருந்தன. மற்றப் பெண் உறுப்பினர்கள் வந்த கொஞ்ச நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அதற்கு ஊரில் பொறுப்பின்மை என்று பெயர்.

தெருநாய்த் தீர்மானம் நடந்துகொண்டிருந்தபோது இளநீர் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. ஏஞ்சலின் கையைத் தூக்கினாள்.

“தலைவரம்மா, என் தீர்மானம் சின்னதுதான். அத்த மட்டும் முன்னாடி எடுத்துக்கலாமா?”

அதுதான் தவறு. நீண்டகால வார்டு உறுப்பினரான சுப்பிரமணி நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்தார்.

“இன்னாம்மா, உன் வார்டு மட்டும் முன்னாடி, நாங்க பின்னாடியா? ஏம்மா, எங்க வார்டுல கூட்டுரோடே இல்ல. மொதல்ல எங்களுக்கு ஒரு கூட்டுரோடு போட்டுக் குடுங்க. அப்புறம் அதுல கக்கூஸ் கட்டறதப் பத்திப் பேசலாம்.”

“நாலு பக்கமும் ரோடு இருந்தாத்தான் கூட்டுரோடு நைனா” என்றார் மோகன்ராஜ். “உங்க வார்டுல ஒரு பக்கந்தான் இருக்கு. அதுவும் பள்ளம்.”

“அப்போ மிச்ச மூணு பக்கத்துக்கும் டப்பு ஒதுக்குங்க.”

ஒவ்வொரு வார்டாக எழுந்தது. எல்லோருக்கும் சமமாக ஒரு கூட்டுரோடு தர முடியுமா என்று விவாதம் விரிந்தது. தலைவர் மேசை விளிம்பை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு பாறை மாதிரி உட்கார்ந்திருந்தார். இரக்கமில்லாத முகம் என்று ஏஞ்சலின் நினைத்தாள்.

அவள் செல்போன் அதிர்ந்தது. கணவன் எபினேசர் கம்பெனி கேன்டீனிலிருந்து எழுதியிருந்தான். “இன்னா நெளிஞ்சிக்கினே இருக்க? எல்லாரும் லைவ்ல பாக்கறோம். பல்லு வலியான்னு சூப்பர்வைசர் கேக்கறாரு.”

நெளியாமல் இருக்க அவள் நிமிர்ந்தாள். நிமிர்ந்தது நிலைமையை மோசமாக்கியது. காலை மாற்றிப் போட்டாள். அதுவும் உதவவில்லை. இனி தீர்மானமாவது மண்ணாவது என்று உடம்பு சொல்லிவிட்டது. எதிரே ஏதாவது வீட்டுக்கு ஓடிப்போய் ஓடி வந்துவிடலாம், அதற்குள் கூட்டுரோட்டுச் சண்டை எப்படியும் முடியாது என்று கணக்குப் போட்டு எழுந்தாள்.

எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏஞ்சலின் யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று வாசலை நோக்கி நடந்தாள். மோகன்ராஜின் கண்கள் மின்னின. அவர் அரசியலுக்கு வந்ததே இப்படி ஒரு நொடிக்காகத்தான்.

“வெளிநடப்பு” என்றார். “கழிப்பறைத் தீர்மானத்தக் கண்டுக்காத சபைய எதிர்த்து ஏஞ்சலின் மேடம் வெளிநடப்பு செய்யறாங்க. நாங்களும் செய்யறோம்.”

“ஐயோ இல்லண்ணா, நா தோ வந்துர்றேன்.”

“வர வேணாம். நாங்க வரோம்.”

எதிர்வரிசை முழுவதும் பின்னால் வந்தது. தான் மட்டும் உள்ளே இருந்தால் நேரலையில் கெட்டபெயர் என்று சுப்பிரமணியும் வந்தார், அவரைப் பார்த்து முன் வரிசையும் வந்தது. முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டீபனும் வந்தான். ஏஞ்சலின் வேகமாக நடந்தால் ஊர்வலமும் வேகமாக நடந்தது. இத்தனை ஆண்களைப் பின்னால் வைத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்?

வளாகத்துக்கு இருந்தது ஒரே கேட். அதை மறித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

“தீர்மானம் நிறைவேற வரைக்கும் யாரும் உள்ள போவக் கூடாது, வெளிய வரக் கூடாது” என்றார் சுப்பிரமணி. “நீ நடுவுல குந்தும்மா. உன் போராட்டம் இது.”

அவளை நடுவில் உட்காரவைத்தார்கள். செல்போன் முகத்துக்கு நேராக வந்தது.

“பேசுங்க மேடம்” என்றார் மோகன்ராஜ். “உங்க கோரிக்கை இன்னா?”

“பொம்பளைங்களுக்குக் கழிப்பறை வேணும்.”

“எப்ப வேணும்?”

“இப்பவே வேணும்.”

கைதட்டல் எழுந்தது.

“அடுத்த மாசம்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?”

“அடுத்த நிமிஷம்னு சொன்னாலும் முடியாதுண்ணா” என்றாள் ஏஞ்சலின். அவள் கண்களில் நீர் கோத்துக்கொண்டது.

“இத்தினி வருசமா அரசியல்ல கீறேன்” என்று சுப்பிரமணி மூக்கை உறிஞ்சினார். “ஒரு கோரிக்கைய உசுர்ல வெச்சிப் பேசற ஆள இப்பத்தான் பாக்கறேன்.”

எதிர்வீட்டு முத்தம்மாள் ஒரு பெரிய சொம்பு மோரோடு கேட்டுக்கு வந்தாள். பேரூராட்சி வாசலில் யார் உட்கார்ந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், மோர் கொடுப்பது அவள் வழக்கம்.

“குடி கண்ணு. இந்த வெயில்ல கத்தி கத்தித் தொண்ட வறண்டு பூடும்.”

“வேணாங்க்கா.”

“உண்ணாவிரதம்” என்று மோகன்ராஜ் ஸ்டீபனிடம் கிசுகிசுத்தார். “எழுதிக்கோ.”

உண்ணாவிரதம் என்றால் மாலைவரை எழுந்திருக்க முடியாது. ஏஞ்சலின் சொம்பைப் பிடுங்கி மடமடவென்று குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொல்லத் தொடங்கினாள்.

மூன்றாவது ஜெபத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. குணசுந்தரி வந்துகொண்டிருந்தார். ஏறக்குறைய ஓட்டம். அவர் இப்படிப் போராட்டக்காரர்களைத் தேடி வந்ததே இல்லை.

“இன்னாப்பா வேணும் உங்களுக்கு?”

“கழிப்பறைத் தீர்மானம்” என்றார் மோகன்ராஜ். “அத்த உள்ள போய் முறையா...”

“உள்ள எதுக்கு? மெம்பருங்க எல்லாம் இங்கதான கீறீங்க. லைவும் இங்கதான் ஓடுது. கூட்டுரோட்டுல பொம்பளைங்களுக்குக் கழிப்பறை, ஆட்சேபம் இருக்கா?”

மோகன்ராஜ் வாயைத் திறந்தார். ஆட்சேபிக்க எதுவும் கிடைக்காமல் மூடினார்.

“நம்ம ஆபீஸ்லயும் பொம்பளைங்க ரூம்புல கீற மிசினத் தூக்கி வெளிய வெச்சி, சுத்தமாக்கித் தரணும். இன்னிக்கே. ஆட்சேபம்?”

இல்லை.

“ஒருமனதா நிறைவேறிச்சு. கூட்டம் முடிஞ்சுது. இப்ப நவுருங்க, வழி வுடுங்க.”

வழி பிறந்தது. தலைவர் காருக்காகக்கூட நிற்காமல், தலையைக் குனிந்துகொண்டு நடந்தே போனார்.

“கார் கூட எடுக்கல பாத்தியா” என்றார் மோகன்ராஜ். அவர் குரலில் முதல்முறையாக மரியாதை இருந்தது. “நம்மதான் அந்தம்மாவத் தப்பா பேசிட்டோம்.”

யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். எல்லோரும் வெடியைப் பார்க்கத் திரும்பினார்கள். ஏஞ்சலின் மெல்ல எழுந்து நின்றாள். கூட்டுரோட்டுப் பெண்கள் இனி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பும் காட்சி அவள் கண்முன் வந்தது. பூமிகா இரண்டு டம்ளர் குடிப்பாள். தன்னைச் சூழ்ந்திருந்த அத்தனை பேர்மீதும் அவளுக்கு நன்றி பொங்கியது. மோகன்ராஜின் அவசரப் புத்திக்கு நன்றி. சுப்பிரமணியின் கண்ணீருக்கு நன்றி. எல்லோரையும்விட, அந்தப் பாறை முகத்துக்குள் இத்தனை ஈரத்தை ஒளித்துவைத்திருந்த தலைவருக்கு நன்றி. நாளைக் காலை முதல் வேலையாக அவரைத் தேடிப்போய்ச் சொல்ல வேண்டும். கூட்டத்தைப் பாதியில் முடிக்கும்போதெல்லாம் மனதுக்குள் திட்டியதற்கு மன்னிப்பும் கேட்க வேண்டும்.

முதலில் வேறு வேலை இருந்தது. தெருவைக் கடந்து முத்தம்மாள் வீட்டுப் பக்கச் சந்தில் நுழைந்தாள். கோடியில் தகரக் கதவு போட்ட ஒரு சின்னக் கழிப்பறை தெரிந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

மோர்ச் சொம்பைக் கழுவிக்கொண்டிருந்த முத்தம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“செத்த நில்லு கண்ணு, உள்ள தலைவரம்மா கீறாங்க, மாசாமாசம் கூட்டத்தப் பாதில வுட்டுட்டு அவங்க வேற எங்க ஓடறாங்கன்னு நெனைச்சிக்கினு இருந்த?”