தேதியை எங்கே வைப்பது?

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே மூவரும் உடம்பளவில் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள் பெண்ணும் என் பையனும் ஒன்பது நாள் பேசிக்கொள்ளவில்லை. பயப்படாதீர்கள், குடும்ப விஷயம் இல்லை, ஆபீஸ் விஷயம். ஆனால் இருவருக்கும் ஆபீஸ் எங்கள் சாப்பாட்டு மேஜைதான் என்பதால், உப்பு வேண்டுமென்றாலும் என் மூலமாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். இவர்கள் உருவாக்கும் கணினி மொழியோடு நானூறு ஆயத்தக் கருவிகளும் சேர்த்துக் கொடுக்கிறார்களாம். அதற்கு நூலகம் என்று பெயர், ஒரு புத்தகம்கூடக் கிடையாது. எதை எந்தத் தலைப்பில் வைத்தால் ஆட்களுக்குச் சட்டென்று கிடைக்கும் என்பதுதான் வழக்கு. தேதி கணக்கிடும் கருவி 'நேரம்' என்ற தலைப்புக்குள் இருக்கட்டும் என்றாள் மருமகள். அதற்குத் தனித் தலைப்பு வேண்டும் என்றான் இவன். அவள் காலையில் மாற்றுவாள், இவன் மாலையில் திருப்பி வைப்பான்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பள்ளி ஆசிரியர் போன் செய்தார். இவர்கள் மொழியில் தேர்வு அட்டவணை போட உட்கார்ந்தவர், காலையில் பார்த்த இடத்தில் தேதியைக் காணாமல், தேடி அலுத்து, தானே ஒன்றை எழுதிக்கொண்டாராம். அது கணக்குத் தேர்வைப் பிப்ரவரி முப்பதாம் தேதிக்குப் போட்டுவிட்டது. பிள்ளைகள் சந்தோஷமாக அந்த அட்டவணையில் வீட்டில் கையெழுத்தே வாங்கி வந்துவிட்டார்கள். "தலைமையாசிரியர் ரூமுக்குக் கூப்பிட்டிருக்காரும்மா. நான் என்னன்னு சொல்ல?" என்றார். ஸ்பீக்கரில் கேட்ட இரண்டு பேருக்கும் முகம் சுண்டிப்போயிற்று.

எனக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரி ஸ்டோரில் முப்பத்தொரு வருஷம் சாமான் எடுத்துக் கொடுத்தவள் நான்.

"கட்டுத்துணியை ஒவ்வொரு வார்டு நர்ஸும் ஒவ்வொரு பேர்ல தேடுவாங்க. சாமானை ஒரே அலமாரியில வச்சேன். எந்தெந்த அலமாரியைத் திறப்பாங்களோ அங்கெல்லாம், அது எங்க இருக்குன்னு ஒரு சீட்டு ஒட்டினேன். ரத்தம் வழியறவன் முன்னாடி தலைப்பு சரியா தப்பான்னு யாரும் கேக்கல."

இருவரும் ஒரே கணினி முன்னால் போய் உட்கார்ந்தார்கள். தேதி இப்போது ஒரே இடத்தில் நிற்கிறது. நேரம், நாள், காலண்டர் என்று எதைத் தட்டினாலும் அங்கே கொண்டுபோய் விடுகிறதாம். ஆசிரியரும் புது அட்டவணை போட்டுத் தப்பித்துவிட்டார். ஆகவே நீங்கள் அலைந்துகொண்டு வர வேண்டியதில்லை.

சம்பந்திக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். படியேறும்போது கைப்பிடியை விடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமியார்

பி.கு.: மீதிக் கருவிகள் அத்தனைக்கும் சீட்டு எழுதும் பொறுப்பை என்னிடமே கொடுத்தார்கள். சீட்டில் 'பார்க்க' என்று போடுவதா, 'காண்க' என்று போடுவதா என்பதில் நேற்று முதல் மூன்று பேரும் பேசிக்கொள்வதில்லை. அடுத்த ரயிலில் புறப்பட்டு வாருங்கள்.