அளவெடுத்துக் கட்டிய சாப்பர்

பொழியூர்க் கடற்கரையில் யேசுவடியான் கைவைக்காத இஞ்சின் கிடையாது. மீன்பிடி வள்ளத்தின் பின்னால் தொங்குகிற இஞ்சின் இருமினால் அவரைக் கூப்பிடுவார்கள். அடங்கிப் போனால் அவர் வீட்டு முற்றத்துக்கே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளி என்று அவர்கள் சொல்லும் மாதா கோயிலில் பூசை முடிந்து, சாயாக்கடையில் பத்துப் பேர் கேட்க அறிவித்தார்.

"நான் ஒரு சாப்பர் கட்டப்போறேன்."

அவர் மைத்துனன் விஜயதாஸ் குடித்த சாயாவைப் பாதியில் விட்டான்.

"ஹெலிகாப்டரா அத்தானே?"

"எலே, பைக்காக்கும். முன்சக்கரம் தூர முன்னாடி போவும். நாம பின்னாடி ராசா கணக்கா சாஞ்சிருந்து போவோம்."

"அப்போ சக்கரம் பள்ளிக்குப் போய்ச் சேந்து, நெத்தியில குருசு வரச்சு முடிச்ச பிறகு நீங்க போய்ச் சேருவிய."

கடை சிரித்தது. யேசுவடியான் சிரிக்கவில்லை. மாதா திருநாளன்று பள்ளி முற்றத்தில் பாதிரியாரான அச்சன் தீர்த்தம் தெளித்து வண்டிகளை மந்திரிக்கும்போது தன் சாப்பரில் ஏறி, கடற்கரை முழுக்கப் பார்க்க ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவதாக அங்கேயே வாக்குக் கொடுத்தார். இதற்கு முன்னால் அவர் சைக்கிள் கூடக் கட்டியதில்லை. ஆனால் போனில் சாப்பர் கட்டும் வீடியோக்கள் ஒன்று விடாமல் பார்த்திருந்தார். தைரியம் என்பது அவருக்குப் பிறவியிலேயே வந்தது. அதில் பாதியைக் கடவுள் அறிவாகக் கொடுத்திருக்கலாம் என்பது சிசிலியின் கட்சி.

சிசிலி அவர் மனைவி. பாறசாலையில் தையல்கடை வைத்திருக்கிறாள். காலையில் ஒரு பஸ்ஸைப் பிடித்து, நின்றுகொண்டே போய், சாயங்காலம் இன்னொரு பஸ்ஸில் தொங்காத குறையாக வருவாள். தனக்கு ஒரு வண்டி வேண்டும் என்று அவள் கேட்காத மாதம் இல்லை. அதற்கு யேசுவடியான் வைத்திருந்த பதில் ஒன்றே ஒன்று.

"ஒனக்குக் காலு தரையில எட்டாது பிள்ளே. எட்டுத வண்டி இனிதான் உண்டாக்கணும்."

சொன்னது உண்மைதான். அவர் ஆறடிக்கு மேலே ஓங்கி வளர்ந்தவர். அவள் அவர் சட்டையின் மூன்றாவது பட்டனோடு நின்றுவிட்டவள்.

சாப்பருக்கு ஒரு பழைய வண்டி வேண்டுமே. சிசிலியின் அப்பா விட்டுப்போன புல்லட் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. மாமனார் சொத்தை அறுப்பதென்றால் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். யேசுவடியான் மூன்று நியாயங்களைத் தயார் செய்துகொண்டு அடுக்களைக்குப் போனார்.

"எடி, ஒனக்க அப்பனுக்க புல்லட்ட அறுக்கப்போறேன்."

"அறுங்க."

மூன்று நியாயங்களும் வாய்க்குள்ளேயே வீணாகிவிட்டன.

"என்ன ஏதுன்னு கேக்க மாட்டியா?"

"கேட்டா நிறுத்துவியளா?"

"மாட்டேன்."

"பின்னே அறுங்க. ஆனா அளவில்லாம அறுக்காதிய. ஜம்பரானாலும் வண்டியானாலும் தப்பா வெட்டினா வெட்டினதுதான்."

யேசுவடியானுக்குப் புல்லரித்தது. வீடியோவில் வெள்ளைக்காரனும் இதையேதான் சொன்னான். கடையில் வாங்குகிற பைக் ஊருக்கெல்லாம் பொது. சாப்பர் அப்படியல்ல, அது ஓட்டுகிறவனின் உடம்புக்கென்றே கட்டுவது. சீட்டிலிருந்து தரை, சீட்டிலிருந்து கைப்பிடி, கைப்பிடியிலிருந்து தோள்.

"அளவு நான் எடுக்குதேன்," என்றாள் சிசிலி. "பாறசாலையில என்னைய விட்டா அளவெடுக்க ஆளில்ல, கேட்டியளா."

முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு யேசுவடியான் அமர்ந்தார். காலை நீட்டினார். இரண்டு கையையும் முன்னால் பிடித்து, முகத்தில் காற்றடிப்பது போலக் கண்ணைச் சுருக்கினார். சும்மா இருந்தால் அளவு சரியாக வராது என்று தோன்றவே, வாயால் 'படபட படபட' என்று இஞ்சினையும் ஓட்டினார். சிசிலி டேப்பை எடுத்து நெஞ்சு, தோள், கை என்று சுற்றிச் சுற்றி அளந்தாள். மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு லிஷா கையிலிருந்த குடத்தை அப்படியே கீழே வைத்தாள்.

"சிசிலியக்கா, அண்ணனுக்கு என்ன பற்றிச்சு?"

"ஒண்ணுமில்ல மக்கா. வண்டி ஓட்டுதாரு. நீ வெள்ளம் எடுத்துட்டுப் போ."

அளவுகளை அவள் ஒரு நைலான் கயிற்றில் முடிச்சுகளாகப் போட்டாள். இது சீட்டு, இது கைப்பிடி, இது கால் மிதி. கயிற்றை உச்சக்கடையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ரெத்தினதாஸிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். யேசுவடியான் கயிற்றைப் பார்த்தார். முடிச்சுகள் நல்ல இறுக்கமாக இருந்தன. அதற்கு மேல் ஒரு கயிற்றில் பார்க்க என்ன இருக்கிறது?

வேலை தொடங்கியது. புல்லட்டின் கழுத்தை அறுத்து, சாய்த்து, மறுபடி ஒட்டினார்கள். முதல் தடவை ஒட்டியதில் முன்சக்கரம் தமிழ்நாட்டைப் பார்த்தது, பின்சக்கரம் கேரளத்தை விட்டு நகர மாட்டேன் என்றது. யேசுவடியான் அசரவில்லை. "முதல் ஒட்டு பழக்கத்துக்கு. ரெண்டாம் ஒட்டாக்கும் ஒட்டு," என்றார். இரண்டாம் ஒட்டு நேராக வந்தது. இஞ்சினைப் பிரித்து, கழுவி, பூட்டினார். அந்த வேலையில் மட்டும் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. ஸ்டாண்டில் நிறுத்தி ஓட்டியபோது உச்சக்கடைச் சந்தியே ஒரு நிமிடம் மீன் விலை பேசுவதை நிறுத்தியது. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று ஆபீஸ் ஆபீஸாகக் கேட்டு அனுமதி வாங்கி வந்தவள் சிசிலி. அதெல்லாம் ஒரு வேலையா என்று யேசுவடியான் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

நடுவில் சண்டை வராமல் இல்லை. கைப்பிடி வானத்தைப் பார்த்து நிற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"கைய மேல தூக்கிப் பிடிச்சிட்டா போவிய?" என்று கேட்டாள் சிசிலி.

"அதாக்கும் ஸ்டைலு."

"கக்கத்துல தையல் பிரியும். ஊரு முழுக்க ஒங்க கக்கத்தப் பாக்கும். நான் ஒரு தையல்காரி, எனக்கு அது கொறச்சலில்லியா?"

கைப்பிடி தாழ்ந்து, பின்னோக்கி வளைந்து, சீட்டுக்குப் பக்கத்தில் வந்தது.

"கால் மிதியாவது முன்னாடி தள்ளி வைக்கணும்டி."

"காலு நீட்டி நீட்டி மூட்டு வாதம் வந்தா?"

"எனக்கு ஏதுடி வாதம்?"

"வராம இருக்கத்தானே சொல்லுதேன்."

கால் மிதியும் பின்னால் வந்தது. ஆனால் முன்சக்கரத்தின் நீளத்தில் மட்டும் சிசிலி ஒரு சொல் சொல்லவில்லை. எவ்வளவு நீட்டினாலும் "கொள்ளாம், நல்லா இருக்கு" என்றாள். யேசுவடியானின் கண்ணும் அந்த நீளத்திலேயே நின்றுவிட்டது. பட்டறைக்கு வருகிறவர்களை அவர் முன்பக்கமாகவே நிறுத்திக் காட்டினார். பின்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோனார்.

ஒருநாள் ரெத்தினதாஸ் முகக்கவசத்தைத் தூக்கிவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, கேக்குதேன்னு நினைக்காதிய. இது ஒங்க அளவுதானா?"

"எலே ரெத்தினம், எனக்க பெண்டாட்டி எடுத்த அளவாக்கும். அவ கையி ஒரு நூலு பிசகாது."

"அது செரிதான்," என்று சொல்லிவிட்டு ரெத்தினதாஸ் கவசத்தை இறக்கிக்கொண்டான். உள்ளே சிரித்தானா என்பது தெரியவில்லை.

சீட்டு பூட்டிய அன்று யேசுவடியானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக் காலைத் தூக்கிவிட்டார். காற்றில் நின்ற காலைச் சிசிலியின் குரல் பிடித்தது.

"அய்யோ! மந்திரிக்காத வண்டியிலயா ஏறுதிய?"

கால் தானாக இறங்கியது. புது வள்ளத்தில் அச்சன் தீர்த்தம் தெளிப்பதற்கு முன்னால் யாரும் கால் வைக்கக் கூடாது. அது அந்தக் கடற்கரையின் சட்டம். சட்டத்துக்குக் காவல் நிற்பவர் யேசுவடியான். போன வருஷம் மந்திரிக்காத வள்ளத்தில் ஒருவன் ஏறி உட்கார்ந்து பீடி பிடித்தான் என்று அவர் போட்ட சத்தம் பூவார் வரை கேட்டது.

"வள்ளத்துக்குத்தானே அது," என்றார், கொஞ்சம் பலவீனமாக.

"ஒங்களுக்கு இது வள்ளத்த விடக் கொறஞ்சதா?"

அந்தக் கேள்விக்கு எந்த ஆண்மகன் 'ஆமாம்' என்பான்? திருநாள் வரை யாரும் ஏறக் கூடாது என்று யேசுவடியானே உத்தரவு போட்டார். ரெத்தினதாஸ் கை தவறிச் சீட்டில் ஊன்றியதற்குக் கூடத் திட்டு வாங்கினான்.

திருநாளன்று சாப்பரை உருட்டிக்கொண்டே பள்ளி முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆட்டோ, ஸ்கூட்டர், மீன் ஏற்றும் டெம்போ எல்லாம் வரிசையில் நின்றன. சாப்பரின் முன்சக்கரம் மட்டும் வரிசையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கறுப்பு ரெக்சினில் சிசிலி தைத்துக் கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு யேசுவடியான் பக்கத்தில் நின்றார். கோட்டு அவர் உடம்பில் ஒட்டிப் பிறந்த தோல் போல இருந்தது. அச்சன் தீர்த்தம் தெளித்தார். "இனி ஏறலாம் சேட்டா," என்று மைக்கிலேயே சொன்னார்.

யேசுவடியான் ஊரை ஒருமுறை பார்த்தார். விஜயதாஸை இரண்டு முறை பார்த்தார். பிறகு காலை வீசி ஏறி அமர்ந்தார்.

அமர்ந்தார் என்று சொல்வது மரியாதைக்காக. மடங்கினார் என்பதுதான் சரி. முழங்கால் இரண்டும் காதுக்கு வந்தன. கைப்பிடி வயிற்றில் குத்தியது. முழங்கைக்கு உலகத்தில் எங்கேயும் இடமில்லை. அதற்கெல்லாம் அசருகிறவரா? இஞ்சினை முடுக்கி, கியரைப் போட்டு, வண்டியைத் திருப்பப் பார்த்தார். இடது முழங்கால் கைப்பிடியை வலது பக்கம் தள்ளியது. வலது முழங்கால் அதைத் திருப்பி அனுப்பியது. சாப்பர் வரிசையை விட்டு இறங்கி, பாண்டு வாத்தியக்காரர்களைக் கலைத்து, அச்சனின் அங்கிக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்றது.

"அத்தானே, இது கொச்சுப் பிள்ளையளுக்க வண்டியா?" என்றான் விஜயதாஸ்.

யேசுவடியானின் முகம் கறுத்தது. அவ்வளவு பேர் முன்னால் அவமானம். இறங்கவும் வரவில்லை, ஒவ்வொரு காலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. சிசிலி பக்கத்தில் வந்து கைகொடுத்தாள்.

"எடி," என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "கயித்துல முடிச்சுப் போட்டியே, அது ஆருக்க அளவு?"

"எனக்க அளவு."

"அப்போ முற்றத்துல இருத்தி என்னைய அளந்தியே, அது எங்க போச்சு?"

"போட்டிருக்கியளே, கோட்டு. அதுக்கு."

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டாள். இரண்டு காலும் தரையில் பதிந்து நின்றன. கை மடங்காமல் நீளாமல் கைப்பிடியில் போய் விழுந்தது.

"எடி, லைசென்ஸ் இல்லாம..."

"உண்டு. கடைய அடைச்சிட்டு நித்தம் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். நான் வீட்டுக்கு வரத் தாமசிச்சத நீங்க கண்டியளா? நீங்கதான் பட்டறையில கெடந்தியளே."

சாப்பர் கிளம்பியது. பள்ளி முற்றத்தை ஒரு சுற்று, கொடிமரத்தை ஒரு சுற்று. அந்த நீண்ட முன்சக்கரம் அவள் சொன்ன இடத்துக்கு மெல்ல வளைந்து போயிற்று. இஞ்சின் ஒரு இடத்தில் கூடத் திக்கவில்லை. யேசுவடியானுக்கு உள்ளே எரிந்தது. ஆனாலும் தான் கட்டிய இஞ்சின் அப்படிப் பாடுவதைக் கேட்டபோது, வெட்கத்துக்கு நடுவிலும் அவருக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் அவருக்குத் தைரியத்தைத் திருப்பித் தந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி, சாவியை வாங்கி, மாமனாரோ மாதாவோ யார் வந்தாலும் சரி, நாளைக்கே கைப்பிடியை அறுத்துத் தன் அளவுக்கு ஒட்டுவது என்று முடிவு செய்து முன்னால் நடந்தார்.

அதற்குள் சிசிலி அச்சனின் கையிலிருந்து மைக்கை வாங்கியிருந்தாள்.

"எல்லாரும் சிரிக்காதிய. அவரு இதுல ஏறினது ஒங்களுக்கு ஒரு தமாசு காட்டத்தான். எங்க கல்யாணத்துக்கு இன்னைக்கு இருபத்தஞ்சு வருஷம். எனக்க அப்பனுக்க வண்டிய, எனக்க காலுக்கும் எனக்க கைக்கும் அளவா, அவரு எனக்காகக் கட்டித் தந்ததாக்கும் இது."

யேசுவடியான் நடந்த இடத்திலேயே நின்றார். இன்றைக்குக் கல்யாண நாள் என்பதே அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முற்றம் கைதட்டியது. பாண்டு வாத்தியக்காரர்கள் கலைந்த இடத்திலிருந்தே வாசிக்கத் தொடங்கினார்கள். விஜயதாஸ் ஓடிவந்து கட்டிப்பிடித்து, "அத்தானே, நீங்களாக்கும் மனுசன்," என்று கண்ணைத் துடைத்தான். லிஷா தன் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு கணவர் என்று அச்சன் மைக்கில் ஒரு சின்னப் பிரசங்கமே வைத்துவிட்டார்.

இத்தனை பேர் கைதட்டிய பிறகு ஒரு மனிதன் எப்படிச் சாவியைக் கேட்பான்? யேசுவடியான் கோட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தினார். "பின்னே? அவளுக்கு இல்லாம வேற ஆருக்கு?" என்று நாலு பக்கமும் கேட்கும்படி சொன்னார். சொல்லச் சொல்ல அது அவருக்கே உண்மையாகத் தோன்றத் தொடங்கியது.

சாப்பர் மெல்ல அவர் பக்கத்தில் வந்து நின்றது. ஒற்றைச் சீட்டில் சிசிலி சாய்ந்திருந்தாள், ராசா கணக்காக.

"நான் போய் தேங்காய் அரச்சு வைக்குதேன்," என்றாள். "நீங்க நடந்து வாற வழியில நெத்தோலி மீனு கிட்டினா வாங்கிட்டு வாங்க."

வண்டி படபடத்துக்கொண்டு போயிற்று. ஊரே யேசுவடியானைப் பார்த்தது. அவர் சிங்கம் போல ஒருமுறை சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எலே, இன்னைக்கு நெத்தோலி எங்க உண்டு?"