கொள்ளுத்தாத்தா கட்டிய கிஸ்து

பத்திரம் என் பேரில்தான். இந்த முடிவிலிருந்து இம்மியும் பிசகுவதில்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு உறுதி எடுத்தேன். எடுத்த இடம் பாத்ரூம். தாழ்ப்பாள் போட்டிருந்தேன். குழாயையும் திறந்து விட்டிருந்தேன், சத்தம் வெளியே போகக் கூடாது பாருங்கள்.

விஷயம் இதுதான். இருபத்திரண்டு வருஷம் ஆவடியில் வாடகை வீடுகளில் குப்பை கொட்டிய பிறகு, சேக்காட்டில் முக்கால் கிரவுண்டு மனை ஒன்று படிந்தது. அடுத்த மாதம் பதிவு. யார் பேரில் என்பது மட்டும்தான் பாக்கி. நான் டில்லிபாபு, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை சூப்பர்வைசர். எனக்குக் கீழே பதினாலு பேர். என் மனைவி அனுசுயா அதே எஸ்டேட்டில் ரெடிமேட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறவள். அவளுக்குக் கீழே ஒரே ஒரு ஆள். அந்த ஆள் நான்.

பாத்ரூமிலிருந்து நேராக அடுப்படிக்குப் போனேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன், ஒரு கெத்துக்கு.

"அனுசு, பத்திரத்துல இன்னா பேரு போடறதுன்னு புரோக்கர் கேட்டாரு."

"என் பேருதான். இதுல இன்னா கேள்வி?"

"ஏன், எனக்குப் பேரு இல்லியா?"

"கீது. ஆதார் கார்டு கீதா?"

அதை நான் மூன்று தடவை பஸ்ஸில் தொலைத்திருக்கிறேன். மூன்றாவது தடவை, தொலைந்ததற்குப் புகார் எழுதிய பேப்பரையும் சேர்த்துத் தொலைத்தேன்.

"உன் கைல பத்திரத்தைக் குடுத்தா, அதுல போண்டா மடிச்சிக்கினு வந்து நிப்ப. இத பாருய்யா, இருபத்திரண்டு வருஷமா காலர் தெச்சித் தெச்சி என் கழுத்து போச்சி. என் கம்மல், செயின் எல்லாம் அந்த மனைக்குள்ளதான் கீது. ஒவ்வொரு வாட்டியும் ஓனரு காலி பண்ணுன்னா பாத்திரத்தைத் தூக்கிக்கினு ஓடுனது நானு. எனக்குன்னு ஒரு எடம் வேணும். பேரு போட்ட எடம்."

உண்மையைச் சொல்கிறேன், சரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பதினாலு பேருக்கு மேலே இருக்கிறவனுக்கு மானம் என்று ஒன்று உண்டே. அவர்கள் எல்லாம் நாளைக்கு "இன்னா அண்ணாத்தே, ஊடு அண்ணி பேர்ல கீதாமே" என்று கேட்டால் நான் எந்த மிஷினுக்குப் பின்னால் ஒளிவது?

இந்த நேரத்தில்தான் எதிர் போர்ஷன் ராகவன் காபிக்கு வந்தார். ஐடி கம்பெனிக்காரர், பாபநாசம் பக்கம். சனி ஞாயிறில் மற்றவர்கள் பிரியாணி தேடிப் போனால், இவர் பழைய வரிப் பதிவேடுகளைத் தேடிப் போவார்.

"டில்லி சார், வெள்ளைக்காரன் காலத்துல ஒவ்வொரு கிராமத்துக்கும் வருஷா வருஷம் நிலவரிக் கணக்கு எழுதியிருக்கான். யாருக்கு எவ்வளவு நிலம், என்ன விளைஞ்சுது, வரி கட்டினாங்களா இல்லையான்னு எல்லாம் இருக்கும். எங்க கொள்ளுத்தாத்தா வச்சிருந்த தென்னை மரத்தைக்கூட எண்ணி எழுதியிருக்கான், ஏழு மரம்! கடைசி பத்தியில கணக்குப்பிள்ளை தன் கைப்பட ரிமார்க்ஸ் எழுதியிருப்பார். அதைப் படிச்சா ஒரு குடும்பமே எழுந்து வந்து நிக்கும் சார்."

என் மண்டையில் பல்பு எரிந்தது. என் பெரியப்பா உயிரோடு இருந்தவரை ஒரே கதைதான் சொல்வார். எங்கள் கொள்ளுத்தாத்தா ராமனுக்கு சேக்காட்டில் ஆரம்பித்து ஆவடி ஏரி வரைக்கும் நிலம். அவர் கிஸ்து கட்டக் கிளம்பினால், அதாவது நிலவரி கட்டக் கிளம்பினால், ஊரே எழுந்து நிற்கும்.

"அனுசு! எங்க வம்சத்துல நெலம்னா அது ஆம்பள பேர்லதான். வழிவழியா வர்ற வழக்கம். இத நான் மாத்த முடியாது."

"உங்க வம்சத்துல நெலமா? உங்க அப்பா செருப்பு வுடறதுக்கே பக்கத்து ஊட்டு வாசல்ல எடம் கேட்டாரு."

"எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு ஏரி வரைக்கும் நெலம். பெரியப்பா சொன்னாரு."

"உங்க பெரியப்பா கரையான்சாவடி மொட்டை மாடில நின்னா கடல் தெரியும்னுகூடதான் சொன்னாரு."

"சர்க்கார் ரெக்கார்டையே கொண்டாறேன். அப்ப இன்னா பண்ணுவ?"

அனுசுயா தோசையைத் திருப்பிப் போட்டாள். கொஞ்சம் யோசித்தாள்.

"சரி, கொண்டா. உங்க வம்சத்துல வரிக்கணக்கு ஆம்பள பேர்ல இருந்தா, பத்திரம் உன் பேர்ல. பொம்பள பேர்ல இருந்தா, என் பேர்ல. அப்புறம் பேச்சு மாறக் கூடாது. ராகவன் தம்பி சாட்சி."

"சத்தியம்!" என்று அவள் கையில் அடித்தேன். கரண்டி சூடாக இருந்தது.

பொம்பளை பேரிலாவது, ஆயிரத்தித் தொள்ளாயிரமாவது வருஷத்திலாவது! கண்ணை மூடிக்கொண்டு ஜெயித்துவிடலாம் என்று நினைத்தேன்.

பட்டறையில் லீவு சொன்னேன். ராகவன் எழுதிக் கொடுத்த மனுவோடு பழைய வருவாய் ரெக்கார்டுகள் வைத்திருக்கும் ஆபீஸுக்குப் போனேன். அங்கே திருமுருகன் என்று ஒரு நல்ல மனுஷர். போனை வாங்கி வைத்துக்கொண்டார். பேனா கூடாது, பென்சில்தான், போட்டோ எடுக்கக் கூடாது, கையால்தான் எழுத வேண்டும் என்றார். பிறகு ஒரு பதிவேட்டைத் தூக்கி வந்து மேஜையில் வைத்தார். நான் பதினேழு தும்மல் போட்டேன்.

சேக்காட்டில் அந்தக் காலத்தில் ராமன்கள் மட்டும் பதினோரு பேர். நல்லவேளை, அப்பா பேரும் சேர்த்து எழுதியிருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்குச் சிக்கினார் என் ஆள். பெரியப்பா சொன்ன அதே முனுசாமி மகன் ராமன். பசலி 1308. பசலி என்றால் வரிக்கணக்கு வருஷம், அதாவது நம் கணக்குக்கு 1898. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. என் கொள்ளுத்தாத்தா! கறுப்பு மையில்! சர்க்கார் புத்தகத்தில்!

நிலம் எவ்வளவு என்று பார்த்தேன். புஞ்சை அறுபத்திரண்டு சென்ட்.

ஏரி வரைக்கும் இல்லை, ஏரியைப் பார்க்க வேண்டுமென்றால்கூட யார் நிலத்திலாவது ஏறித்தான் பார்த்திருக்க வேண்டும். பரவாயில்லை, ஆம்பளை பேர் இருக்கிறதே! எழுதிக்கொண்டேன். 1309, அதே ராமன். 1310, அதே ராமன். மூன்று வருஷத்துக்கும் வரி என்ற இடத்தில் 'செலுத்தியது' என்று இருந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்து 1311ஐக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

1311இல் ராமனைக் காணோம். அவர் இடத்தில் 'வேம்புலியம்மாள்' என்றிருந்தது. கடைசி பத்தியில் கணக்குப்பிள்ளை பொடிப்பொடியாக எழுதியிருந்தார்:

'மேற்படி நிலத்துக்கு ராமனிடம் கிஸ்து கேட்டால் பெண்சாதியைக் கேட்கச் சொல்லுகிறான். பெண்சாதி வேம்புலியம்மாள் இரண்டு எருமை வைத்துப் பால் விற்று மூன்று பசலியாய்த் தானே செலுத்தி வருகிறாள். ராமனை விசாரித்ததில், பட்டாவை அவள் பேருக்கே மாற்றினால் தனக்கும் நிம்மதி என்று வாக்குமூலம் கொடுத்தான். மாற்றப்பட்டது.'

நான் நான்கு தடவை படித்தேன். நான்கு தடவையும் அதேதான் எழுதியிருந்தது. அட பாவி மனுஷா! நூத்திருபது வருஷம் கழித்து ஒரு கொள்ளுப்பேரன் வருவானே, அவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? உனக்கு நிம்மதி வேண்டுமென்றால் ஏரிக்கரையில் போய் உட்கார வேண்டியதுதானே, அதை எதற்குக் கணக்குப்பிள்ளையிடம் சொன்னாய்?

"இதுவும் எழுதிக்கறீங்களா சார்?" என்றார் திருமுருகன்.

"வேணாம் சார். பென்சில் முனை உடைஞ்சி போச்சி."

அவர் வேறு பென்சில் கொடுத்தார். எழுதவில்லை. மூன்று பசலியோடு பேப்பரை மடித்துப் பாக்கெட்டில் வைத்தேன். நான் பொய் சொல்லப் போவதில்லை. மிச்சத்தைச் சொல்லப் போவதில்லை, அவ்வளவுதான். ஆவடி வரைக்கும் டிரெய்னில் இப்படியே எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அனுசுயாவும் ராகவனும் காத்திருந்தார்கள். பேப்பரை நீட்டினேன். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ராமன். ராமன். ராமன். அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் புத்தகத்தைக் கரையான் தின்னுடுச்சி."

"கரெக்டா அந்த எடத்துலேந்தா?"

"கரையானுக்கு எந்த எடம்னு தெரியுமா, சொல்லு."

ராகவன் என்னைக் கட்டிப் பிடித்து வாழ்த்துச் சொன்னார். அனுசுயா என்னையே பார்த்தாள். "சரிய்யா. வாக்குன்னா வாக்கு. பத்திரம் உன் பேர்லயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சண்டை போடவில்லை, பாத்திரத்தை நங்கென்று வைக்கவில்லை. அன்றைக்கு எனக்கு இரண்டு முட்டை. ஜெயித்தவனுக்கு அந்த முட்டை இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அந்த அறுபத்திரண்டு சென்ட்டும் என் தொண்டையில்தான் இருந்தது.

நான்கு நாள் ஓடியது. புதன்கிழமை அவள் கம்பெனிக்கு லீவு போட்டாள். "வெளில வேலை கீது" என்று காலையில் கிளம்பிப் போனவள், சாயங்காலம்தான் வந்தாள். கையில் நாலாக மடித்த பெரிய காக்கிப் பேப்பர். செருப்பை விட்டாள். எனக்கு எதிரே சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பேப்பரை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்க போய்ட்டு வந்த?"

"நீ போன எடத்துக்குத்தான்."

நான் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"அந்த ஆபீஸா? உன்னை எப்படி உள்ள வுட்டாங்க?"

"உன் பொண்டாட்டின்னு சொன்னேன். சேர் போட்டுக் குடுத்தாங்க. அடுத்த புத்தகத்தையும் காட்டுனாங்கோ. கரையான் அதைத் தொடவேயில்லையேய்யா."

"அனுசு, நான் சொல்றத கேளு..."

"நான் இன்னாத்த கேக்கறது? எழுதிக்கினு வந்துட்டேன். ஆனா உன் வாயால கேக்கணும்னு ஆசை. சொல்லு. நீயே சொன்னா வுட்டுடறேன். நான் படிச்சிக் காட்டுனேன்னு வையி, ராகவன் தம்பியையும் கூப்புட்டு வெச்சித்தான் படிப்பேன்."

அவ்வளவுதான். நான் கொட்டிவிட்டேன்.

"அந்தக் கணக்குப்பிள்ளைக்கு எங்க தாத்தா மேல இன்னா காண்டோ தெரியல! வரி கேட்டா பெண்சாதியக் கேளுன்னாராம், அத ஒரு மனுஷன் எழுதுவானா? வேம்புலியம்மா ரெண்டு எருமைய வெச்சி வரி கட்டுச்சாம். எல்லார் ஊட்லயும்தான் எருமை கீது! பட்டாவ அது பேருக்கு மாத்துனா நிம்மதின்னு அவரு ஏதோ தமாஷுக்குச் சொல்லியிருப்பாரு, அத வாக்குமூலம்னு எழுதி, பேர மாத்தி..."

நான் நிறுத்தினேன். அனுசுயா வாயைப் பிளந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படித்துவிட்டு வந்தவள் முகம் அப்படி இருக்காதே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அனுசு, அந்தப் பேப்பரைக் காட்டு."

காட்டினாள். ஜாக்கெட் அளவு. கை நீளம் ஏழரை.

"கொரட்டூர்ல எங்க அக்கா ராணி ஊட்டுக்குத்தான்யா போனேன். அவ பொண்ணுக்கு ஜாக்கெட்டு வெட்டணும்."

"அடிப்பாவி! அப்ப அந்த ஆபீஸு, சேரு, புத்தகம் எல்லாம் பொய்யா?"

"பொய்தான். நீ பாதிய முழுங்குன, நான் மீதிய கட்டிவுட்டேன். இருபத்திரண்டு வருஷமா உன்னைப் பாக்கறேன். பல்லு வலிக்குதுன்னு சொல்லக்கூட முக்கா மணி நேரம் எடுத்துப்ப. நீ போய் 'அவ்ளோதான்'னா, எனக்குத் தெரியாதா?"

பிறகு அவள் சிரிக்கவில்லை. ஜாக்கெட் பேப்பரைக் கீழே வைத்தாள். "இன்னொரு வாட்டி சொல்லுய்யா, அந்த எருமைய பத்தி எழுதியிருந்தத" என்றாள். சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் எனக்கு மனப்பாடமாகியிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு எருமைய வெச்சிக்கினு... யாருய்யா அந்தப் பொம்பள! அவங்கள ஒரு வாட்டி பாக்கணும் போல கீதே" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ராமனைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, கண்ணாடியில் பார்த்தால் போதும்.

"வம்ச வழக்கத்த மாத்த வேணாம்" என்றேன். வேறு என்ன சொல்ல? சத்தியம் என்னுடையது, சாட்சியும் இருக்கிறார்.

"இத மொதல்லியே சொல்லியிருந்தா, ரெண்டு பேர் பேர்லயும் போட்டுக்கலாம்னு இருந்தேன்யா" என்றாள் அவள், எழுந்து போகிறபோது. "ராணிகூட அப்டித்தான் சொல்லி அனுப்புனா. இப்ப முடியாது. வழக்கம் கீதே."

போன வாரம் பதிவு முடிந்தது. ஆபீஸில் பத்திரத்தை வாசித்தார்கள். முக்கால் கிரவுண்டும் அனுசுயா பேரில். அவள் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திக் கையெழுத்துப் போட்டாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, சத்தியமாக. பட்டறையில் பதினாலு பேருக்கும் ஸ்வீட் கொடுத்து, பத்திரத்தில் என் பேரும் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை, சாட்சி நம்பர் இரண்டு என்ற இடத்தில் இருக்கிறது. நம்பர் ஒன்று ராகவன்.