ஊறவை, அலசு, பிழி

விளையாட்டரங்கத்தின் கூரையில் நூற்று நாற்பத்து நான்கு வாஷிங் மெஷின் குமிழ்கள் முளைத்திருந்தன.

நுணுக்கம் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். கணினித் திரையில்தான் என்றாலும் குமிழ் குமிழ்தானே. ஒவ்வொன்றின் தலையிலும் 'ஊறவை, அலசு, பிழி' என்று வட்டமாக எழுத்து. அம்புக்குறி 'அலசு'வில் நின்றது. எல்லாம் அவனே செதுக்கியதுதான். எதைச் செய்தாலும் இழைத்து இழைத்துச் செய்கிறவன் என்பதால், அலுவலகத்தில் அவனுடைய சொந்தப் பெயரை மறந்துவிட்டு ஒன்பது வருடமாக நுணுக்கம் என்றே கூப்பிட்டார்கள்.

வீட்டு வாஷிங் மெஷினில் திருகுகிற குமிழ் உடைந்து மூன்று வாரம் ஆகிறது. மனைவி குறடு வைத்துத் திருகிக்கொண்டிருந்தாள். கடையில் கேட்டால் அந்த மாடலே இப்போது வருவதில்லை என்று கையை விரித்தார்கள். நமக்குத் தெரிந்த தொழில்தானே என்று, கட்டடங்களை மாடல் செய்யும் அலுவலக மென்பொருளிலேயே சாப்பாட்டு இடைவேளைகளில் குமிழை உருவாக்கி, 'புதுசு' என்று பெயர் வைத்து, பாகங்களைச் சேர்த்து வைக்கும் கேட்டலாக்கில் போட்டிருந்தான். பிளாஸ்டிக்கில் அச்சடித்துத் தரும் கடைக்கு அனுப்பியதும் அழித்துவிடலாம் என்று எண்ணம்.

இன்று காலை ரிசப்ஷன் பெண் ஒரு ஃபைல் அனுப்பினாள். அரங்கக் கூரையில் குழாய்கள் கூடும் இடங்களில் பொருத்துவதற்காக மேனேஜர் தன் கையாலேயே வடிவமைத்த இரும்பு ஜாயிண்ட். மூன்று மணிக் கூட்டம் வரைக்கும் யார் கண்ணிலும் படக் கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அந்த ஃபைலுக்கும் பெயர் 'புதுசு'. கேட்டலாக்கில் ஏற்றும்போது, 'இதே பெயரில் ஒன்று இருக்கிறது, மாற்றவா?' என்று மென்பொருள் மரியாதையாகத்தான் கேட்டது. அதே நேரம் போனில் மனைவி, "ஏங்க, மெஷினையே மாத்திடலாமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்று இருவருக்கும் சேர்த்து ஒரே பதிலைச் சொல்லி, பட்டனையும் அமுக்கிவிட்டான். பிறகு தூரத்துப் பார்வையில் புள்ளி புள்ளியாகத் தெரிந்த அத்தனை இடத்திலும் 'புதுசு'வை மளமளவென்று போட்டுத் தள்ளினான். கிட்டே போய்ப் பார்த்தது இப்போதுதான். மணி ஒன்றரை.

சொந்த வேலை என்றால் மேனேஜருக்கு ஆகவே ஆகாது. போன மாதம் வீட்டுக்கு ஒரு கட்டில் வரைந்த ஆளை, நாலாவது காலை வரைந்து முடிப்பதற்குள் வேலையை விட்டே அனுப்பினார். "வீட்டுச் சாமான் ஒண்ணு என் கண்ல பட்டுது, அன்னிக்கே மூட்டையைக் கட்டிடணும்!" என்று எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். ஒன்பது வருட வேலை ஒரு குமிழில் போய்விடும் போலிருந்தது.

பக்கத்து மேசையில் செக்கிங் அக்கா இருந்தார். மற்றவர்கள் வரைந்ததில் தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவர்.

"அக்கா, சத்தம் போடாம இங்க வாங்களேன்."

அக்கா திரையைப் பார்த்தார். "ஏம்ப்பா, இங்க விளையாடப் போறாங்களா, துணி துவைக்கப் போறாங்களா?"

"கிண்டல் பண்ணாதீங்கக்கா. நிஜ ஜாயிண்ட்டை இப்பவே மாத்திடறேன்."

மேனேஜரின் ஃபைலை 'புதுசு 2' என்று ஏற்றினான். வந்தது. ஆனால் விரல் நீளத்துக்குத்தான் வந்தது.

"இவ்வளவு பெரிய கூரைக்கு இத்தனூண்டு ஜாயிண்ட்டா?"

"அங்குலக் கணக்குல வரைஞ்சிருப்பாரு. நாம மில்லிமீட்டர்னு எடுத்துக்கிட்டோம்" என்றார் அக்கா அலட்சியமாக. "இருபத்தஞ்சு புள்ளி நாலால பெருக்கு. எல்லாம் சரியாப் போயிடும்."

பெருக்கினான். பெருக்கும்போது பட்டியலில் நின்றது 'புதுசு 2' அல்ல, 'புதுசு'.

"அக்கா, அரங்கத்தைக் காணோம்."

"எங்கயும் போகலை. அலசுக்கு அடியில இருக்கு."

பின்வாங்கும் பட்டனைப் பத்துத் தடவை அமுக்கினான். கேட்டலாக்கில் கை வைத்தால் வைத்ததுதான், எதுவும் பின்வாங்கவில்லை. இரண்டு மணிக்கு மேசைப் போன் அடித்தது. மாடலின் எடைப் பட்டியல் அரை மணிக்கு ஒரு தரம் தானாகவே கிரேன்காரருக்குப் போய்விடும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"தம்பி, கிரேன்லேர்ந்து பேசறேன். ஒரு ஜாயிண்ட் ஏழரை டன்னுன்னு வந்திருக்கு."

"ஏழரையா?"

"ஏழரைதான். நூத்தி நாப்பத்தி நாலு ஏழரை. எனக்கு ஏற்கெனவே ஒண்ணு நடந்துக்கிட்டிருக்கு தம்பி, இதுக்கு மேல தாங்காது."

"எழுத்துப் பிழைங்க, இதோ சரி பண்ணிடறேன்" என்று போனை வைத்தான். எடையை எப்படியாவது குறைக்க வேண்டும். எஃகு என்று இருந்த இடத்தில், கைக்குக் கிடைத்த வேறொரு பொருளைப் போட்டு நிம்மதியாக மூச்சு விட்டான். அரை மணி கழித்து மறுபடி போன்.

"தம்பி, இப்ப பத்தொம்பது கிலோன்னு வருது. தெர்மகோல்னு போட்டிருக்கு."

"அப்படியா?"

"தூக்கறதுக்கு எனக்குக் கஷ்டமில்லை. காத்தடிச்சா யாரு ஓடிப் பிடிக்கறது?"

இதை வைப்பதற்குள் கைப்பேசியில் மனைவி. "ஏங்க, குறடு வழுக்குது. அலசுலயே நின்னுடுச்சு. நாலாவது தடவையா அலசிக்கிட்டிருக்கு."

"இங்கயும் அதே கதைதான்மா" என்றான் அழாக்குறையாக.

வேரோடு பிடுங்கிவிடுவது என்று முடிவு செய்தான். பிடுங்கும் முன் மனசு கேட்கவில்லை. மூன்று வாரச் செதுக்கல் ஆயிற்றே. ஒரே ஒரு குமிழை மட்டும் 'அம்மணி' என்று பெயர் மாற்றி அரங்கத்தின் வாசல் பக்கம் ஓரமாக ஒதுக்கினான். பிறகு 'புதுசு' என்று தொடங்கும் அத்தனையையும் அழித்தான். தடயம் இருக்கக் கூடாதென்று காலையில் வந்த ஃபைலையும் குப்பைத் தொட்டி வரைக்கும் போய்த் துடைத்தெடுத்தான். குமிழ்கள் போயின. கூடவே 'புதுசு 2'வும் போயிற்று. கூரைக் குழாய்கள் ஒன்றையொன்று தொடாமல் அந்தரத்தில் தொங்கின.

"எல்லாத்தையும் அழிச்சிட்டியா?" என்றார் அக்கா.

"சுத்தமா."

"உன்னை யாரு இவ்வளவு சுத்தமா இருக்கச் சொன்னது?"

ரிசப்ஷனுக்கு ஓடினான். "தங்கச்சி, அந்த ஜாயிண்ட் ஃபைலை இன்னொரு தடவை அனுப்பும்மா, புண்ணியமாப் போகும்!"

"காலையிலதானே அனுப்பினேன்?" அவள் மேனேஜரின் கணினிக்குள் தேடினாள். "சார் 'ஜாயிண்ட்'ங்கற பேர்ல இருக்கும்னாரு. அப்படி எதுவும் காணோம்ணா. 'புதுசு'ன்னு ஒண்ணுதான் இருக்கு. காலையிலயும் அதைத்தான் அனுப்பினேன்."

"அதேதான்! அனுப்பு, அனுப்பு!"

இரண்டே முக்காலுக்கு ஏற்றி, இருபத்தைந்து புள்ளி நாலால் பெருக்கி, எஃகு என்று போட்டு, நூற்று நாற்பத்து நான்கு இடத்திலும் பொருத்தினான். இம்முறை கிட்டே போய்ப் பார்த்தான். ஒரு முனையில் தடித்த கழுத்து, அதில் சதுரமான துளை, அங்கிருந்து லேசாக வளைந்து நீளும் வழவழப்பான கை. அப்படியே சொக்கிப்போனான். என்ன இருந்தாலும் மேனேஜர் மேனேஜர்தான் என்று மனதாரப் பாராட்டினான்.

மூன்று மணிக்குக் கூட்ட அறையில் மேனேஜர் கழுத்துப்பட்டையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். எதிரில் அரங்கத்தைக் கட்டும் விளையாட்டுச் சங்கத் தலைவர். நுணுக்கம் மாடலைத் திறந்தான். வெள்ளைச் சுவர் முழுக்கக் கூரை விரிந்தது.

மேனேஜரின் முகம் வெளிறிப்போயிற்று.

"அடடா!" என்று தலைவர் எழுந்தே விட்டார். "என்னங்க இது, ஒவ்வொண்ணும் இவ்வளவு கம்பீரமா இருக்கு! இது என்ன வேலை செய்யும்?"

மேனேஜர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். "அது... மேல சேர்றதை எல்லாம்... ஒரே அழுத்துல கீழ இறக்கிடும்."

"பிரமாதம்! எப்படிங்க தோணிச்சு?"

"வீட்ல... சும்மா உட்கார்ந்திருக்கும்போது."

தலைவர் சுவரை நெருங்கினார். "ஆமா, வாசல் ஓரமா வட்டமா என்னமோ இருக்கே? கொஞ்சம் கிட்டக் காட்டுங்க."

நுணுக்கம் தூரத் தள்ளப் பார்த்து மவுஸைத் தப்பான பக்கம் உருட்டியதில் மாடல் கிட்டே வந்தது. ஆள் உயரத்தில் பாதிக்கு மேல் ஒரு குமிழ். ஊறவை, அலசு, பிழி. அழிக்க மறந்த அம்மணி. அவன் கண்ணை மூடிக்கொண்டு, ஒன்பது வருட நாற்காலிக்கு மனதுக்குள் விடை சொன்னான்.

திட்டு வரவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். மேனேஜர் அவனைப் பார்த்தார். குமிழைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"அது இருக்கட்டும்" என்றார் தீனமான குரலில். "விளையாடி முடிச்சு வர்றவங்களுக்கு... துணி துவைக்கற இடம். அதுக்கு அடையாளம்."

"இதைக்கூட யோசிச்சிருக்கீங்களே!" என்று தலைவர் அங்கேயே ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார்.

நுணுக்கம் இரண்டாவது கண்ணையும் திறந்தான். கையும் களவுமாகப் பிடித்தும் காட்டிக்கொடுக்காத மனிதர்! இவரைப் போய்க் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது. எழுந்துபோய்க் காலில் விழுந்துவிடலாமா என்றுகூட யோசித்தான்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ரிசப்ஷன் பெண் மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

"சார், நிஜ ஜாயிண்ட் ஃபைல் கிடைச்சுடுச்சு! வீட்லேர்ந்து மேடம் இப்பத்தான் போன்ல சொன்னாங்க, ரெண்டு தடவையும் நான் அண்ணனுக்கு அனுப்பின 'புதுசு' உங்க வீட்டு டாய்லெட் ஃப்ளஷ் கைப்பிடியாமே!"