அம்மாவுக்குப் பூட்டிய ஃபேன்

போன வியாழக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். வீடு பார்க்க வரும் மூன்று பேரை உட்காரவைத்துக் காபி கொடுக்க வேண்டும்.

வருகிறவர்கள் நாகரசம்பட்டிக்காரர்கள். என் மகன் சரவணனுக்குப் பேசியிருக்கும் பெண் தேன்மொழியின் அப்பா, அம்மா, அத்தை. பெண்ணும் பையனும் ஒசூரிலேயே வேலை பார்க்கிறவர்கள். இரண்டு முறை சந்தித்துப் பேசி, பிடித்துவிட்டது என்று சொல்லியாகிவிட்டது. ஜாதகமும் பொருந்தியாகிவிட்டது. சரவணனுக்கு வயது முப்பத்தாறு. இதற்கு முன் எல்லாம் கூடி இவ்வளவு தூரம் வந்ததே இல்லை. ஆகவே அது சாதாரணக் காபி அல்ல.

பையன் வீட்டில் இருந்தால் கேட்க வேண்டியதைக் கேட்க முடியாது, அவன் இல்லாத நேரமாகப் பார்த்து வருகிறோம் என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த வாரம் அவனுக்கு நைட் ஷிப்ட். பகலில் வீட்டில்தான் தூங்குவான். அதனால் நண்பனோடு ஷிப்டை மாற்றிக்கொண்டு காலையிலேயே கிளம்பினான்.

கிளம்பும்போது சொன்னான்: "நீ ஒண்ணையும் தொடாதம்மா. வீடே எல்லாத்தையும் பாத்துக்கும்."

வீடு பார்த்துக்கொண்ட அழகைத்தான் சொல்ல வந்தேன்.

சரவணன் தொழிற்சாலையில் இயந்திரங்களை ஓடச் சொல்லியும் நிற்கச் சொல்லியும் பழகியவன். அதே திறமையை வீட்டிலும் காட்டினான். சுவரிலிருந்த ஸ்விட்சுகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, வழவழவென்று ஒரு கறுப்புக் கண்ணாடிப் பலகை பதித்தான். மற்றதெல்லாம் அவன் போனில். இளமையில் காற்றைப் பற்றி நான் நிறையக் கவிதை எழுதியிருக்கிறேன். காற்று வாங்கக் கடவுச்சொல் கேட்பார்கள் என்று அந்த அசட்டுப் பெண்ணுக்குத் தோன்றவில்லை.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணமே நான்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தூங்குகிற பிள்ளையை எழுப்ப எனக்குத் தெரிந்த ஒரே வழி ஃபேனை அணைப்பது. அவன் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அப்படித்தான். தமிழ்நாட்டில் பாதிப் பேர் அப்படி எழுந்துதான் உருப்பட்டார்கள். என் மகன் மட்டும் அதை அநீதி என்று இருபது வருஷம் மனதில் வைத்திருந்து, சம்பாதித்து, சட்டம் போட்டான்.

சட்டம் இதுதான். நைட் ஷிப்ட் வாரத்தில் பகல் பத்து மணி முதல் நாலு மணி வரை அவன் ஹாலில் தூங்குவான். அப்போது ஹால் திரை தானாக மூடும். விளக்கு அணையும். ஃபேன் முழு வேகத்தில் ஓடும். நான் கை வைக்காதபடி கண்ணாடிப் பலகை பூட்டிக்கொள்ளும்.

ஷிப்ட் மாற்றியதை அவன் மேலதிகாரியிடம் சொன்னான். ஃபேனிடம் சொல்ல மறந்துவிட்டான்.

ஒன்பதே முக்காலுக்கு வந்தார்கள். கையில் ஒரு பை மாம்பழம். உட்காரவைத்தேன். வெற்றிலை, பூ, மஞ்சள், திறந்த கிண்ணத்தில் குங்குமம் என்று தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். பெண்ணின் அப்பா ஜன்னலையும் கதவையும் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். எனக்கும் நம்பிக்கை பிறந்தது.

பத்து மணிக்கு ஹால் தூங்கப் போனது.

திரை மூடியது. விளக்கு அணைந்தது. தலைக்குமேல் ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி கிளம்பியது. வெற்றிலை பறந்தது. குங்குமம் மொத்தமும் எழுந்துபோய்ப் பெண்ணின் அப்பாவுடைய வெள்ளைச் சட்டையில் இறங்கியது. அரையிருட்டில் பார்த்தால் மனிதர் வெட்டுப்பட்டு உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

"கொஞ்சம் கம்மி பண்ணுங்கம்மா," என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

பலகையைத் தொட்டேன். சிவப்பாக மூன்று முறை மினுக்கியது. முடியாது என்பதைக்கூட எவ்வளவு நளினமாகச் சொல்கிறது, என் பிள்ளைக்கே வராத நளினம்.

சரவணனை அழைத்தேன். எடுக்கவில்லை. உள்ளே போகும்போதே போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது. தொழிற்சாலை கேட்டுக்கு அழைத்தேன். காவலர் என்ன அவசரம் என்று கேட்டார். ஃபேன் நிற்கவில்லை என்றேன்.

"எங்க ரூம்ல ஓடவே மாட்டேங்குதும்மா. நீங்க குடுத்து வச்சவங்க," என்று வைத்துவிட்டார்.

படித்தவள் அல்லவா, யோசித்தேன். நேராகப் போய் மெயினை அணைத்தேன். ஃபிரிட்ஜ் நின்றது. மோட்டார் நின்றது. ஃபேனுக்கு மட்டும் இன்வெர்ட்டர் முட்டுக்கொடுத்தது. முன்பாவது பலகை மினுக்கியது. இப்போது அந்த மரியாதையும் போயிற்று.

கடைசியில் பெண்ணின் அம்மாதான், முந்தானையைப் பிடித்தபடி எழுந்து, சமையலறையில் உட்காரலாமே என்றார். அங்கே ஃபேனே இல்லை. நாலு பேரும் கேஸ் அடுப்பைச் சுற்றி நின்று வியர்க்க வியர்க்கக் காபி குடித்தோம். அந்த வீட்டில் மனிதர் நிற்கத் தகுந்த இடம் அது ஒன்றுதான்.

ஏன் பூட்டி வைத்திருக்கிறான் என்று அத்தை விசாரித்தார். நான் பொய் சொல்லத் தெரியாத முட்டாள். எழுப்புகிற கதையைச் சொன்னேன். பெண்ணின் அம்மா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

"பெத்தவளுக்கே பூட்டுப் போட்டிருக்கான். நாளைக்கு வர்றவளுக்கு என்னென்ன போடுவானோ."

நாற்பது வருஷமாகப் படித்த புத்தகம் ஒன்றும் அந்த நேரத்துக்கு உதவவில்லை. கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். அந்தச் சொல்லுக்கு இந்தப் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

மாலை சரவணன் வந்தான். நடந்ததைச் சொன்னேன். சம்பந்தம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. மெயினை அணைத்தாயா, செட்டிங்கெல்லாம் அழிந்திருக்குமே என்றுதான் பதறினான்.

சனிக்கிழமை தேன்மொழியே எனக்குப் போன் செய்தாள். சட்டைக்காக அப்பாவுக்கு வருத்தமில்லை, அத்தையை நான் சமாதானப்படுத்திவிட்டேன் என்றாள். ஒரே ஒரு நிபந்தனை.

"சுவத்துல சாதா ஸ்விட்ச் போடச் சொல்லுங்கத்தை. வீட்ல இருக்கிற யார் வேணும்னாலும் போடணும், அணைக்கணும். அது போதும், தேதி பாத்துடலாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே ஓடிப்போய் மகனிடம் சொன்னேன்.

யோசிக்க இரண்டு நாள் வேண்டும் என்கிறான்.