நாப்பது நிமிஷப் பச்சைக்கோடு

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு துரும்பைக்கூட தூக்கறதில்லைன்னு வெள்ளிக்கிழமையே சபதம் எடுத்துட்டேன். மூணு மணிக்கு கிரிக்கெட் ஃபைனல்.

அதே மூணு மணிக்குத்தான் என் வீட்டம்மா ஸ்ரீவித்யா சாமான் ஏத்த நேரம் குறிச்சிருந்தா. செம்பாக்கம் ஏரிக்கிட்ட கீழ்வீட்டுல குடியிருந்தா, மழைக்கு முன்னாடி இது ஒரு பண்டிகை. அரிசி மூட்டை, கிரைண்டர், பீரோல இருக்கற புடவை எல்லாம் மொட்டைமாடி ரூமுக்குப் போயிடணும். தண்ணி வந்தா மீனுக்கா பட்டுப்புடவை?

ஆனா எங்கிட்ட ஒரு அஸ்திரம் இருந்துது. மச்சினி கல்யாண போட்டோ ரெண்டாயிரத்தையும் தேதிவாரியா அடுக்கச் சொல்லி இவதான் கேட்டிருந்தா. நான் பத்தாவதே ரெண்டு தடவை எழுதினவன். யூடியூப் பார்த்து, அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம் சுட்டு, ஒரு ப்ரோக்ராம் எழுதிட்டேன். தட்டினா மூணே செகண்டு!

மூணு செகண்டு வேலைக்கு எந்தப் பொண்டாட்டி மதிப்பு குடுப்பா? அதனால ஒரு ப்ரோக்ரஸ் பார் சேர்த்தேன். பச்சைக்கோடு. வேலையே செய்யாது, சும்மா நகரும், நம்ம ஆபீசர் மாதிரி. 'நிமிஷம் = 40'னு போட்டு வெச்சேன். முடிஞ்சா, "ஐயோ, தப்பாயிடுச்சு"ன்னு திரும்ப ஓட்டிக்கலாம். அஞ்சாறு ஓட்டு ஓட்டினா மேட்சே முடிஞ்சுடும்.

மூணு மணி. தட்டினேன். கோடு கிளம்புச்சு. மானிட்டருக்குப் பின்னாடி செல்போன்ல மேட்ச்.

"ஏங்ங்ங்க..." குக்கர் விசிலுக்கு முன்னாடி சீறுமே, அந்தக் குரல்.

"பிஸி! உன் தங்கச்சி போட்டோதான் அடுக்கிட்டிருக்கேன். பாரு, கோடு ஓடுது!"

"அடடே! அதுவா ஓடுதா?"

"அதுவாத்தான். எல்லாம் ஐயா மூளை!"

"அப்ப உங்க கை சும்மாத்தானே இருக்கு? வாங்க, அரிசி மூட்டை."

வாயை வெச்சிக்கிட்டு சும்மா இருக்கமுடியாத ஜென்மம் நான்.

"பக்கத்துலயே இருக்கணும் வித்யா, நின்னுடும்..."

"நான் உக்காந்து பாத்துக்கறேன். நூறு வந்ததும் சொல்றேன். அப்புறம் நீங்க மேட்ச் பாருங்க, ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

நாப்பது நிமிஷம்தானே! மீதி மேட்ச் நமக்குத்தான். மூட்டையைத் தோள்ல போட்டேன்.

ஒரு மணிநேரம். மூட்டை போச்சு, கிரைண்டர் போச்சு, என் இடுப்பும் போச்சு. எட்டிப் பார்த்தா, அவ ஃபேனுக்கு அடியில முறுக்கு கடிச்சிட்டிருக்கா.

"எவ்ளோ ஆச்சு?"

"பதினஞ்சு பர்சன்ட்."

"பதினஞ்சா! எப்படி?"

"எனக்கென்ன தெரியும்? உங்க மூளைதானே? அந்தப் பித்தளை அண்டாவை எடுங்க."

உண்மையைச் சொன்னா மாட்டிப்பேன். சொல்லலைன்னா செத்துப்போவேன். அண்டாவை எடுத்தேன்.

ஆறரை மணிக்கு பக்கத்து வீட்டு ஃபிரெடி காம்பவுண்டுக்கு மேல தலையை நீட்டினான். "அண்ணா, கடைசி ஓவர்! நீங்க பாக்கலையா?"

பாதிப் படியில பீரோ டிராயரோட உக்காந்துட்டேன்.

"வித்யா, மன்னிச்சுடு! அந்தக் கோடு சும்மா! போட்டோ எப்பவோ அடுக்கியாச்சு! ஆனா நாப்பது நிமிஷம்தான் போட்டேன், சத்தியமா!"

"தெரியுங்க. காலையில நீங்க குளிக்கறப்ப கம்ப்யூட்டர்ல பார்த்தேன். பாவம், இவ்ளோ சாமானுக்கு நாப்பது எப்படிப் பத்தும்னு, பக்கத்துல ஒரு சைபர் போட்டுவிட்டேன்."